சிஎன்சி அச்சு நிலை: என்கோடரின் எண்ணிக்கையும் பாராமீட்டரின் வாக்கும்

ஆயுதபூஜைக்கு முதல் நாள் மெஷினைத் துடைத்து, சந்தனமும் குங்குமமும் வைத்து, மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுப் போகிறோம். விடுமுறை முடிந்து வந்து சுவிட்சைப் போட்டால் டேபிள் மயிரிழைகூட நகர்வதில்லை. ஆனாலும் திரையில் எக்ஸ், ஒய், இசட் மூன்றும் தாம் நிற்கும் இடத்தை மைக்ரான் வரைக்கும் சொல்லிவிடுகின்றன. ஆபரேட்டர் ஜாப்பை மாட்டி, சைக்கிள் ஸ்டார்ட்டை அழுத்தி, வேலையை ஆரம்பிக்கிறார். ஹோம் போகச் சொல்லவேண்டிய அவசியமே அவருக்கு இல்லை.

இது எப்படி நடக்கிறது என்ற கேள்வி, அது நடக்காமல் போகும் நாளில்தான் பட்டறையில் எழுகிறது. திரையில் 300 அலாரம் சிவப்பாக நிற்கும். சர்வீஸ் இன்ஜினியருக்குப் போன் போகும். கிடைக்கும் விளக்கம் பெரும்பாலும் "பேட்டரி போயிடுச்சு சார்" என்பதோடு முடிந்துவிடும். அது பாதி உண்மைதான். அச்சின் நிலை ஒரே இடத்தில் சேமிக்கப்படுவதில்லை. மோட்டாரின் பின்முனையில் இருக்கும் என்கோடரிடம் ஓர் எண்ணிக்கை இருக்கிறது. அந்த எண்ணிக்கைக்கு இயந்திரத்தில் எந்த இடம் என்ற குறிப்பு கண்ட்ரோலின் பாராமீட்டரில் இருக்கிறது. இரண்டையும் ஒரு நாள் ஒரு மனிதர் இயந்திரத்தின் எதிரே நின்று பொருத்தி வைத்திருக்கிறார். முதல் இரண்டைப் பற்றிக் கையேடுகள் பக்கம் பக்கமாகப் பேசுகின்றன. மூன்றாவதைப் பற்றிய பேச்சு குறைவு. ஆனால் பட்டறையைக் கஷ்டப்படுத்தும் தொல்லைகளில் மோசமானவை அங்கிருந்துதான் வருகின்றன என்பது என் கருத்து. அதை நிறுவுவதற்காகவே முழு ஏற்பாட்டையும் இங்கே பிரித்துப் பார்க்கிறேன். உதாரணங்களைப் பெரும்பாலும் ஃபானுக் கண்ட்ரோலிலிருந்து எடுத்திருக்கிறேன். நம் ஊர்ப் பட்டறைகளில் அதிகம் கண்ணில் படுவது அதுதான்.

டாக் இருந்த காலம்

எண்களால் இயக்கப்படும் இயந்திரம் பிறந்தது அமெரிக்காவில். ஜான் பார்சன்ஸ் முன்வைத்த யோசனையிலிருந்து வளர்ந்த திட்டத்தில், எம்ஐடியின் சர்வோமெக்கானிசம்ஸ் ஆய்வகம் 1952-இல் ஒரு சின்சினாட்டி ஹைட்ரோடெல் மில்லிங் மெஷினைத் துளைநாடாவால் ஓட்டிக் காட்டியது. ஜப்பானில் ஃபுஜிட்சுவுக்குள் செயுவெமோன் இனாபாவின் குழு 1956-இல் தன் முதல் என்சியைச் செய்தது. அந்தப் பிரிவே 1972-இல் தனி நிறுவனமாகி ஃபானுக் ஆனது. அப்போதிருந்து வெகுகாலம், கண்ட்ரோலுக்கு அச்சு எவ்வளவு நகர்ந்தது என்பது தெரியும். எங்கே நிற்கிறது என்பது தெரியாது.

காரணம், இன்கிரிமெண்டல் என்கோடரின் வேலைமுறை. கோடுகள் வரைந்த ஒரு தட்டு மோட்டாரோடு சுழல்கிறது. ஒளி கோடுகளில் பட்டுப் பட்டு விட்டுவர, ஏ, பி என்ற இரண்டு சிக்னல்கள் கால் அலை இடைவெளியில் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. எது முந்துகிறது என்பதைப் பார்த்துத் திசையையும், எத்தனை வந்தன என்பதைப் பார்த்துத் தூரத்தையும் கண்ட்ரோல் கணக்கிடுகிறது. கண்ணைக் கட்டிக்கொண்டு அடி எண்ணி நடப்பவரைப் போன்றது இது. கணக்கு தப்பாதவரை குறையில்லை. கரண்ட் போனால் கணக்கு மொத்தமும் போச்சு. எனவே ஒவ்வொரு முறை ஆன் செய்ததும் அச்சை ஒரு தெரிந்த இடத்துக்கு அனுப்பி, அங்கிருந்து எண்ணத் தொடங்கவேண்டும். அதுதான் ஹோமிங்.

ஹோமிங்கில் இரண்டு பொருள்கள் வேலையைப் பகிர்ந்துகொள்கின்றன. டேபிளின் பக்கவாட்டில் டாக் என்ற இரும்புத் துண்டு போல்ட் போட்டு மாட்டியிருக்கும். அச்சு வேகமாக வந்து டாக் மூலம் லிமிட் சுவிட்சை அழுத்தியதும் வேகம் குறைகிறது. மெதுவாகவே நகர்ந்து சுவிட்சை விட்டு வெளியே வந்தபின், என்கோடர் சுற்றுக்கு ஒரு முறை தரும் சிக்னலை வைத்து அமையும் அடுத்த கிரிட் புள்ளியில் நிற்கிறது. பால் ஸ்க்ரூவின் பிட்ச் 10 மிமீ, மோட்டார் நேரடியாக மாட்டியது என்றால், 10 மிமீக்கு ஒரு கிரிட் புள்ளி. துல்லியம் முழுவதும் என்கோடருடையது. அந்தப் புள்ளிகளில் எது நம்முடையது என்று காட்டுவது மட்டுமே சுவிட்சின் வேலை.

இந்தப் பங்கீட்டின் பலவீனமும் இங்கேயே இருக்கிறது. சுவிட்ச் விடுபடும் இடம் கிரிட் புள்ளிக்கு மிக அருகில் அமைந்துவிட்டால், சுவிட்சுக்குள் கூலண்ட் இறங்கியோ பொடிச் சீவல் ஒட்டியோ அது ஒரு நொடி தாமதிக்கும் நாளில், அச்சு தன் புள்ளியைத் தவறவிட்டு அடுத்த புள்ளியில் போய் நிற்கும். ஒரு நாள் சரி, மறுநாள் சரியாக 10 மிமீ பிசகு. அலாரம் எதுவும் வராது. ஒரு முழு பிட்ச் அளவுக்கு ஜாப் தள்ளிப்போயிருந்தால் அனுபவசாலிகள் முதலில் டாக்கைத்தான் பார்ப்பார்கள். ஃபானுக்கின் டயக்னாஸ்டிக் 302-ஆம் எண்ணில், டாக் விடுபட்ட இடத்திலிருந்து முதல் கிரிட் வரையிலான தூரம் தெரியும். அது கிரிட் இடைவெளியின் பாதியை ஒட்டி, இந்த உதாரணத்தில் 5 மிமீ அளவில் இருந்தால் நிம்மதி. இல்லையென்றால் டாக்கை நகர்த்தவேண்டும்.

2012-ஐ ஒட்டிய மின்வெட்டுக் காலத்தை நினைத்துப் பார்த்தால் ஹோமிங்கின் விலை புரியும். கோவைப் பட்டறைகளில் நாளுக்குப் பல முறை கரண்ட் போய்ப் போய் வந்தது. இன்கிரிமெண்டல் என்கோடர் உள்ள மெஷினில், ஒவ்வொரு முறையும் ஜாப்புக்குள் சிக்கி நிற்கும் டூலை முதலில் பத்திரமாக வெளியே எடுக்கவேண்டும். பிறகு மூன்று அச்சையும் ஹோம் அனுப்பவேண்டும். கரண்ட் போனாலும் நிலையை மறக்காத அப்சல்யூட் என்கோடர் வந்ததால் மிச்சமானது வெறும் சில நிமிடங்கள் அல்ல. மாட்டிய ஜாப்புக்கும் ஃபிக்ஸ்சருக்கும் நடுவே, எங்கே நிற்கிறோம் என்றே தெரியாமல் அச்சை நகர்த்தவேண்டிய அபாயமும் குறைந்தது.

தட்டும், சுற்றும், பேட்டரியும்

அப்சல்யூட் என்கோடரின் தட்டில், வட்டத்தின் ஒவ்வொரு இடத்துக்கும் வேறுவேறு குறியீடு உண்டு. பழைய வடிவில் பல வளையங்கள். ஒவ்வொரு வளையமும் ஒரு பிட். இதில் ஆரம்பத்திலேயே ஒரு சிக்கல் இருந்தது. சாதாரண இரும எண்ணில் 7 என்பது 0111, 8 என்பது 1000. ஒன்றிலிருந்து அடுத்ததற்குப் போகும்போது நான்கு பிட்டும் ஒரே நேரத்தில் மாறவேண்டும். எந்த வளையமும் மற்றதோடு நூல் பிடித்தாற்போல் ஒரே கணத்தில் மாறாது. அந்த இடைக்கணத்தில் படித்தால் எந்த எண் வேண்டுமானாலும் வரலாம். பெல் ஆய்வகத்தின் ஃபிராங்க் கிரே 1947-இல் விண்ணப்பித்து 1953-இல் காப்புரிமை பெற்ற குறியீட்டில் 7 என்பது 0100, 8 என்பது 1100. ஒரு நேரத்தில் ஒரே ஒரு பிட்தான் மாறும். தவறாகப் படித்தாலும் பக்கத்து எண்ணுக்கு மேல் தவறாது. தொலைத்தொடர்புக்காக எழுந்த யோசனை என்றாலும், நிலை அளக்கும் தட்டுகளுக்கு அது அளவெடுத்துத் தைத்தது போலப் பொருந்தியது.

ஆனால் தட்டு சொல்வது ஒரு சுற்றுக்குள் எங்கே என்பதை மட்டும். 800 மிமீ எக்ஸ் பயணம் உள்ள மெஷினில், 10 மிமீ பிட்ச் ஸ்க்ரூ இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் போக 80 சுற்று சுற்றவேண்டும். எத்தனையாவது சுற்று என்று தெரியாமல் சுற்றுக்குள் எங்கே என்று மட்டும் தெரிந்தால், 80 இடங்களில் எது என்ற கேள்வி அப்படியே நிற்கும். மெஷின் அணைந்திருக்கும்போதும் சுற்றை எண்ணிக்கொண்டே இருக்க ஏதாவது வேண்டும். அதற்கு மூன்று வழிகள் புழக்கத்தில் உள்ளன.

முதல் வழி, நம் பட்டறைகளில் மிகுதியாக உள்ள பேட்டரி வழி. ஃபானுக் தன் என்கோடரைப் பல்ஸ் கோடர் என்று அழைக்கிறது. மெயின் அணைந்தபின் சர்வோ ஆம்பிளிஃபயரின் முகப்பில் உள்ள 6 வோல்ட் பேட்டரியிலிருந்து மிகக் குறைந்த மின்சாரம் என்கோடர் கேபிள் வழியே மோட்டாருக்குப் போய், சுற்று எண்ணும் கவுண்டரை மட்டும் உயிரோடு வைத்திருக்கிறது. யாராவது கையால் ஸ்க்ரூவைத் திருப்பினாலும் அது எண்ணிக்கொள்ளும். சுற்றுக்குள் எங்கே என்பதைப் பேட்டரி காக்கவேண்டியதில்லை. கரண்ட் வந்ததும் தட்டே சொல்லிவிடும். இந்த வேறுபாட்டைப் பலர் கவனிப்பதில்லை. பேட்டரி இறந்தால் தொலைந்துபோவது சுற்றுகளின் எண்ணிக்கைதான்.

இரண்டாவது வழி பல்சக்கரம். ஹைடன்ஹைனின் ஈக்யூஎன் வகை என்கோடர்களில், கடிகாரத்தின் உள்ளே இருப்பதைப் போன்ற சின்னஞ்சிறு கியர்கள் அடுத்தடுத்த தட்டுகளைச் சுழற்றி 4096 சுற்று வரை வேறுபடுத்திக் காட்டுகின்றன. 10 மிமீ பிட்ச்சில் அது 40.96 மீட்டர், எந்த மெஷினிங் சென்டருக்கும் தாராளம். இதற்குப் பேட்டரியே தேவையில்லை. கியர்களின் நிலையே நினைவு. சீமென்ஸ் கண்ட்ரோல் உள்ள மெஷின்களில் இவ்வகையை அதிகம் பார்க்கலாம்.

மூன்றாவது வழி வீகண்ட் கம்பி. ஜான் வீகண்டின் பெயர் தாங்கிய இந்த விளைவில், தனிப் பக்குவத்தில் முறுக்கிய ஒரு சிறு உலோகக் கம்பியின் காந்தத் திசை, பக்கத்தில் காந்தம் சுழலும்போது சட்டென்று மாறுகிறது. எவ்வளவு மெதுவாகச் சுழற்றினாலும் அந்த மாற்றம் ஒரே வேகத்தில்தான் நடக்கும். அப்போது சுற்றியுள்ள காயிலில் எழும் மின்துடிப்பு ஒரு கவுண்டரை ஒரு படி ஏற்றி, அதை அழியா நினைவகத்தில் எழுதிவைக்கும் அளவுக்குப் போதுமானது. எண்ணவேண்டிய நிகழ்வே எண்ணுவதற்கான மின்சாரத்தையும் தந்துவிடுகிறது. பேட்டரி இல்லாத அப்சல்யூட் என்கோடர்கள் இப்போது பரவி வருகின்றன. மிட்சுபிஷியின் எம்ஆர்-ஜே5 வரிசை சர்வோ அவற்றோடுதான் வருகிறது.

1815

எண்ணிக்கை கையில் கிடைத்தாயிற்று. அதை மில்லிமீட்டராக்குவது பாராமீட்டர். ஃபானுக் சர்வோவில், தட்டின் உண்மையான நுணுக்கம் எதுவானாலும் சுற்றுக்கு 10 லட்சம் பல்ஸ் என்று வைத்துக் கணக்குப் போடுவார்கள். 10 மிமீ பிட்ச்சுக்கு 1 மைக்ரான் அலகில் 10,000 பல்ஸ் தேவை. ஆகவே 2084, 2085 பாராமீட்டர்களில் 1, 100 என்று எழுதுகிறோம். இந்த விகிதம் தவறினால் 100 மிமீ போகச் சொன்ன அச்சு 50 அல்லது 200 போகும். அந்தத் தவறு முதல் நாளே கண்ணில் பட்டுவிடும் என்பதால் அதைப் பற்றிக் கவலைப்படவேண்டியதில்லை.

கவலைப்படவேண்டியது 1815. அதில் ஐந்தாம் பிட் ஏபிசி: இந்த அச்சில் அப்சல்யூட் என்கோடர் இருக்கிறது என்ற அறிவிப்பு. நான்காம் பிட் ஏபிஇசட்: என்கோடரின் எண்ணிக்கையும் இயந்திரத்தின் நிலையும் பொருத்தப்பட்டாகிவிட்டன என்ற அறிவிப்பு. ஏபிஇசட் 0 என்றால் கண்ட்ரோல் 300 அலாரம் கொடுத்து நின்றுவிடும். புதிய கண்ட்ரோல்களில் அதே எண் டிஎஸ்0300 என்று வரும். ஏபிஇசட் 1 என்றால் என்கோடர் சொல்வதை அப்படியே நம்பி ஓடும்.

300 வந்தபின் செய்யவேண்டியதை அருகிலிருந்து பார்ப்போம். பேட்டரி புதிதா என்று முதலில் உறுதி செய்யவேண்டும். இல்லையென்றால் அடுத்த நாளே திரும்ப இதே வேலை. எம்டிஐ மோடில் வைத்து செட்டிங் பக்கத்தில் பாராமீட்டர் ரைட்டை 1 ஆக்கினால் 100 அலாரம் வரும்; அது இயல்புதான். நிலை தொலைந்த அச்சுக்கு சாஃப்ட் லிமிட் காவல் இருக்காது, அல்லது தப்பான இடத்தில் காவல் நிற்கும். ஆகவே ஹேண்ட்வீலால் மெதுவாகத்தான் நகர்த்தவேண்டும். இல்லாத ஓவர் டிராவலைக் காட்டி அச்சு மறுத்தால், பி, கேன் இரண்டு கீயையும் அழுத்திப் பிடித்துக்கொண்டு ஆன் செய்வது வழக்கம். அச்சை மோட்டார் ஒரு சுற்றுக்கு மேல் சுற்றும்படி நகர்த்தி, ஒரு முறை அணைத்துப் போடவேண்டும். சுற்றின் தொடக்கத்தை என்கோடர் ஒரு தடவையாவது கடந்திருக்கவேண்டும் என்பதே இதன் காரணம். பிறகு டேபிளிலும் சாடிலிலும் மெஷின் செய்தவர்கள் பொறித்த இரண்டு கோடுகள், சில மெஷின்களில் எதிரெதிரே இரண்டு அம்புக்குறிகள், ஒன்றுக்கொன்று நேராக வரும்வரை ஹேண்ட்வீலைச் சுற்றவேண்டும். வந்ததும் ஏபிஇசட்டை 1 ஆக்க, 000 அலாரம் பவரை அணைக்கச் சொல்லும். அணைத்துப் போட்டால், நிற்கும் இடம் 1240-இல் எழுதியுள்ள எண்ணைப் பெறும். பெரும்பாலும் அது பூஜ்யம்.

இந்தக் கடைசிப் படியில் நடந்ததை நிதானமாக யோசிக்கவேண்டும். கோடு சேர்ந்திருக்கிறதா என்று கண்ட்ரோல் பார்க்கவில்லை. பார்க்க அதற்குக் கண்ணும் இல்லை. டேபிள் நடுவில் நிற்கும்போது அந்த பிட்டை 1 ஆக்கினாலும் மறுபேச்சின்றி ஏற்றுக்கொள்ளும். அந்த பிட்டில் பதிவது அளந்து பெற்ற எண் அல்ல, பட்டனை அழுத்தியவர் கொடுத்த வாக்கு. அன்றிலிருந்து அந்த மெஷின் சொல்லும் ஒவ்வொரு மைக்ரானும் அந்த வாக்கின்மேல் நிற்கிறது.

அதன்மேல் என்னவெல்லாம் நிற்கிறது என்று பார்த்தால்தான் கனம் தெரியும். சாஃப்ட் லிமிட்கள், அதாவது 1320, 1321, அந்தப் பூஜ்யத்திலிருந்துதான் அளக்கப்படுகின்றன. டூல் மாற்றும் உயரமான இரண்டாம் ரெஃபரன்ஸ், 1241, அங்கிருந்துதான். பால் ஸ்க்ரூவின் பிட்ச் பிழைகளை லேசரால் அளந்து இடத்துக்கு இடம் எழுதிய திருத்த அட்டவணை, 3620-இல் தொடங்கும் பாராமீட்டர்கள் வழியே, அந்தப் பூஜ்யத்தோடுதான் கட்டப்பட்டிருக்கிறது. ஜி54 முதலான ஆஃப்செட்கள் எல்லாம் அங்கிருந்துதான். இசட் பூஜ்யம் ஒரு பிட்ச் தவறினால், டூல் சேஞ்சரின் கை டூலின் பள்ளத்தைப் பிடிப்பதற்குப் பதில் அதன் விளிம்பில் மோதும். எக்ஸ் பூஜ்யம் 0.12 மிமீ தவறினால் எதுவும் மோதாது. எல்லா ஃபிக்ஸ்சரிலும் எல்லாத் துளையும் 0.12 தள்ளி விழும். அதோடு அந்த அட்டவணையும் ஸ்க்ரூவின் உண்மையான பிழைகளை விட்டு விலகி நிற்கும். முதலாவது உடனே தெரியும். இரண்டாவது வாடிக்கையாளரின் இன்ஸ்பெக்ஷனில் தெரியும்.

கோட்டைக் கண்ணால் சேர்ப்பதில் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்குமேல் துல்லியம் எதிர்பார்க்கமுடியாது. இதற்கு ஃபானுக்கிலேயே மேலான வழி ஒன்று உண்டு. 1005-இன் முதல் பிட்டை இயக்கி டாக் இல்லாத ரெஃபரன்ஸ் முறையைத் தேர்ந்தால், அச்சைக் கோட்டுக்குச் சற்று முன்னே நிறுத்தி, ரெஃபரன்ஸ் மோடில் அச்சின் பட்டனை அழுத்தினால் போதும். அது தானே அடுத்த கிரிட் புள்ளிக்குப் போய் நின்று, ஏபிஇசட்டையும் தானே 1 ஆக்கிக்கொள்ளும். கண் சொல்லவேண்டியது எந்தப் பிட்ச் என்பதை மட்டும். மைக்ரானை என்கோடர் பார்த்துக்கொள்ளும். மோட்டாரும் கப்ளிங்கும் கழற்றப்படாமல் இருந்து, முதல் தடவையும் இதே முறையில் அமைத்திருந்தால், பூஜ்யம் பழைய இடத்துக்கே திரும்பும். பழைய டாக் முறையின் நல்ல பாதி இதில் அப்படியே உயிரோடு இருக்கிறது. வசதி இருந்தும் அதைப் பயன்படுத்தாமல் நேராக பிட்டை மாற்றிவிட்டுப் போகும் பழக்கம் நம்மிடம் பரவலாக இருப்பது வருத்தமானது.

மற்றவர்கள் இதே கேள்வியைச் சற்று வேறு விதமாகக் கையாள்கிறார்கள். மிட்சுபிஷியில் 2049-ஆம் பாராமீட்டர் பூஜ்யம் அமைக்கும் முறையைத் தேர்கிறது. கோட்டைச் சேர்ப்பதும் உண்டு. அச்சை ஒரு திடமான ஸ்டாப்பரின்மேல் குறைந்த கரண்டில் மெல்ல அழுத்தி, அந்த இடத்திலிருந்து கணக்கிடுவதும் உண்டு. இரும்பு இரும்பைத் தொடுவதால் இங்கே மனிதக் கண்ணின் பங்கு குறைவு. சீமென்ஸ் 840டி, 828டி இரண்டிலும் இருக்கும் 34210 என்ற மெஷின் டேட்டா மூன்று நிலை கொண்டது: 0 என்றால் சரிசெய்யப்படவில்லை, 1 என்றால் சரிசெய்ய அனுமதி, 2 என்றால் சரிசெய்தாயிற்று. 34100-இல் நிற்கும் இடத்தின் மதிப்பை எழுதி, 1 ஆக்கி, ரெஃபரன்ஸ் மோடில் அச்சின் பட்டனை அழுத்தினால் தானே 2 ஆகும். என்டாட் என்கோடரின் வரிசை எண்ணையும் கண்ட்ரோல் படித்து வைத்துக்கொள்ளும். மோட்டார் மாறி வேறு எண் வந்தால் பழைய பொருத்தத்தை நம்பாது. வாக்கு யாருக்காகக் கொடுக்கப்பட்டது என்பதையாவது சரிபார்க்கும் இந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்தது.

அலாரம் சொல்வதும் சொல்லாததும்

மெஷினில் இரண்டு பேட்டரி இருப்பதே பலருக்குத் தெரியாது. ஆம்பிளிஃபயரில் இருப்பது என்கோடருக்கு. கண்ட்ரோலில் இருக்கும் 3 வோல்ட் லித்தியம், பாராமீட்டர், புரோகிராம், ஆஃப்செட் எல்லாம் இருக்கும் நினைவகத்துக்கு. முதலாவது இறந்தால் எண்ணிக்கை போகும், அதன் பொருளைச் சொல்லும் பாராமீட்டர் இருக்கும்; ஒரு மணி நேரத்தில் மீளலாம். இரண்டாவது இறந்தால் பொருளே போகும். பேக்கப் இல்லாவிட்டால் மெஷின் செய்தவரிடம்தான் போய் நிற்கவேண்டும். திரையின் அடியில் ஏபிசி என்று மின்னினால் முதலாவது, பேட் என்று மின்னினால் இரண்டாவது. 307, 308 என்ற எண்கள் முதலாவது தளர்ந்துவிட்டது என்ற எச்சரிக்கை. 306 வந்தால் காலம் கடந்துவிட்டது.

மாற்றும் முறையும் முக்கியம். என்கோடர் பேட்டரியை மெஷின் ஆனில் இருக்கும்போது, எமர்ஜென்சி அழுத்திய நிலையில் மாற்றவேண்டும். ஆனில் இருக்கும்வரை கவுண்டர் ஆம்பிளிஃபயரின் மின்சாரத்தில் ஓடுவதால் பேட்டரியைக் கழற்றினாலும் எண்ணிக்கை போகாது. பாதுகாப்புக்காக மெயினை அணைத்துவிட்டு மாற்றியவர்கள்தான் 300-ஐ வரவழைத்துக்கொள்கிறார்கள். ஆல்ஃபா ஐ வரிசை மோட்டார்களில் உள்ளே இருக்கும் கெபாசிட்டர் சுமார் 10 நிமிடம் தாங்கும். அதை நம்பி வேலை தொடங்கவேண்டாம். ஆனில் இருக்கும் பேனலுக்குள் கை வைப்பதால், விவரம் தெரிந்தவர்தான் இதைச் செய்யவேண்டும்.

பேக்கப்பைப் பற்றி ஒரு தப்பெண்ணம் உண்டு. ஆன் செய்யும்போது வலது ஓரத்து இரண்டு சாஃப்ட் கீகளையும் அழுத்திப் பிடித்து பூட் திரைக்குப் போய், மெமரி கார்டில் எஸ்ரேம் டேட்டா முழுவதையும் எடுத்து வைத்திருப்பார்கள். நல்ல பழக்கம். ஆனால் அந்தக் கார்டில் இருப்பது பொருள் மட்டுமே. எண்ணிக்கை மோட்டாரின் முதுகில் இருக்கிறது. அதை எந்தக் கார்டும் காப்பதில்லை. மோட்டாரோ என்கோடரோ மாற்றியபின், பேக்கப்பை ஏற்றிவிட்டோம் என்று பூஜ்யம் அமைக்காமல் ஓட்டினால் மெஷின் எங்கே மோதும் என்று சொல்லமுடியாது.

இத்தனை பேசியும், அலாரம் வரும் பிழைகள் நல்ல பிழைகள் என்றே சொல்வேன். 300 நேர்மையானது: எனக்குத் தெரியவில்லை என்று சொல்லி நிற்கிறது. அஞ்சவேண்டியது, தெரியும் என்று தவறாகச் சொல்லும் நிலை. டூல் ஜாப்பில் பலமாக மோதியதில், மோட்டாருக்கும் ஸ்க்ரூவுக்கும் நடுவே உள்ள கப்ளிங் இம்மியளவு வழுக்கிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். பெல்ட் வழியே ஓடும் அச்சில் ஒரு பல் தாவிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். என்கோடர் இருப்பது மோட்டாரில். வழுக்கல் நடந்தது அதற்கு அப்பால். அதன் எண்ணிக்கையில் ஒரு பல்ஸ்கூட மாறவில்லை, ஏபிஇசட் 1-ஆகவே இருக்கிறது, அலாரம் இல்லை. ஆனால் டேபிள் இருக்கவேண்டிய இடத்தில் இல்லை. இங்கே உதவுவது அந்தக் கோடுகள் மட்டுமே. மோதல் நடந்த மெஷினில் அச்சைப் பூஜ்யத்துக்கு அனுப்பி, கோடு கோட்டோடு சேர்கிறதா என்று பார்த்துவிட்டு, டயல் கேஜால் ஒரு நிலையான முகத்தைத் தொட்டு முந்தைய எண்ணோடு ஒப்பிட்டால் போதும். முந்தைய எண் எழுதி வைக்கப்பட்டிருந்தால்.

இந்தக் குறைக்கு விடை டேபிளிலேயே அளப்பது. ஹைடன்ஹைன் போன்றவர்களின் கண்ணாடி ஸ்கேல்களில், வேறுவேறு இடைவெளியில் ரெஃபரன்ஸ் குறிகள் பொறித்த வகையில், டேபிள் ஒரு சில சென்டிமீட்டர் நகர்ந்தாலே முழு நிலையும் தெரிந்துவிடும். அப்சல்யூட் ஸ்கேலில் அந்த நகர்வும் வேண்டாம், பேட்டரியும் வேண்டாம். கூடுதலாக இன்னொரு பெரிய நன்மை உண்டு. எஃகு, மீட்டருக்கு, ஒரு டிகிரிக்குச் சுமார் 11 மைக்ரான் நீளும். காலையிலிருந்து ஓடி 10 டிகிரி சூடேறிய ஒரு மீட்டர் ஸ்க்ரூ, தடையில்லாமல் நீண்டால், பத்தில் ஒரு மில்லிமீட்டருக்குமேல் நீளும். சுற்றுக்கு 10 லட்சம் பல்ஸ் என்றால் 10 மிமீ பிட்ச்சில் ஒரு பல்ஸ் 10 நானோமீட்டர். ஆனால் அந்த நுணுக்கம் மோட்டாரின் தண்டைப் பற்றியது. ஸ்க்ரூ நீண்டதை அது அறியாது. டை, மோல்டு வேலைக்கு ஸ்கேல் செலவுக்குத் தகும். கிளாம்பும் பிராக்கெட்டும் ஓட்டும் பட்டறைக்கு அவசியமில்லை. கூலண்டும் சீவலும் ஸ்கேலுக்குள் புகாமல் சுத்தமான காற்றைத் தொடர்ந்து கொடுக்கமுடியாத இடத்தில் அது புதுத் தலைவலியாகவும் ஆகும்.

பேட்டரி இல்லாத என்கோடர்கள் எல்லா மெஷினிலும் வந்துவிட்டால் 306, 307 காணாமல் போகும். மோட்டார் மாற்றிய நாளும் மோதல் நடந்த நாளும் இருக்கத்தான் செய்யும். பூஜ்யத்தை யாராவது ஒருவர் பொருத்தித்தான் ஆகவேண்டும்.

மெஷின் வைத்திருப்பவர்களுக்கு என் வேண்டுகோள் இது. இந்த வாரமே ஒவ்வொரு அச்சையும் பூஜ்யத்துக்கு அனுப்பி, கோடுகள் சேர்கின்றனவா என்று பாருங்கள். பெயிண்ட் மூடியிருந்தால் சுரண்டுங்கள். கோடே இல்லையென்றால் இப்போதே, மெஷின் சரியாக இருக்கும்போதே, ஒன்றைப் பொறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு அச்சிலும் ஒரு நிலையான முகத்தை டயலால் தொட்டு, அந்த எண்ணைத் தேதியோடு பேனல் கதவின் உட்புறம் எழுதுங்கள். இரண்டு பேட்டரியும் மாற்றிய தேதியை அதன் பக்கத்திலேயே எழுதி, வருஷத்துக்கு ஒரு முறை மாற்றுங்கள். புது மெஷின் வாங்குபவர்கள், பூஜ்யம் எந்த முறையில் அமைக்கப்பட்டது என்ற குறிப்பையும் பாராமீட்டர் பேக்கப்பையும் கையில் வாங்கிய பிறகே இன்ஸ்டலேஷன் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடுங்கள்.